பழைய வைஃபை கார்டு லினக்ஸில் மக்கர் செய்தால்: அறிகுறியைப் பார்த்து டிரைவரைச் சரிசெய்வது

பத்துப் பதினைந்து வருடம் ஓடிய லேப்டாப்பில் லினக்ஸ் ஏற்றினால் திரை வருகிறது, ஒலி வருகிறது, விசைப்பலகை வேலை செய்கிறது. வைஃபை மட்டும் வருவதில்லை. இந்த இடத்தில் பலரும் செய்வது ஒன்றுதான்: இணையத்தில் தேடிக் கிடைத்த கட்டளைகளை எல்லாம் வரிசையாகத் தட்டிப் பார்ப்பது. நிலைமை கெடுவதும் அங்கேதான். பழைய கார்டுகளுக்கான குறிப்புகளில் பல 2008, 2010 காலத்தில் எழுதப்பட்டவை. அவை சொல்லும் டிரைவர்கள் (வன்பொருளை இயக்கும் நிரல்கள்) சில இன்று லினக்ஸின் மையப் பகுதியான கர்னலிலேயே இல்லை. சில வேறு பெயரில் இருக்கின்றன. சில இப்போது தேவையே இல்லை. மூன்று குறிப்புகளைக் கலந்து தட்டிய கணினியில், முதலில் இருந்த பிழையோடு நாமே சேர்த்த இரண்டு பிழைகளும் உட்கார்ந்துகொள்ளும்.

தன்னிடம் என்ன குறை என்பதைக் கர்னல் பெரும்பாலும் தானே எழுதி வைத்துவிடுகிறது. அதைப் படித்துவிட்டால் எந்தப் படியில் சிக்கல் என்று தெரிந்துவிடும். ஒரு வைஃபை கார்டு வேலை செய்ய ஐந்து படிகள் தாண்ட வேண்டும்: கணினி கார்டைக் காண வேண்டும், ஒரு டிரைவர் அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும், ஃபர்ம்வேர் (கார்டுக்குள்ளே ஓடும் நிரல்) ஏற வேண்டும், ரேடியோ திறந்திருக்க வேண்டும், கடைசியாக ரவுட்டரோடு பேச்சு முடிய வேண்டும். ஒரு படியில் இருக்கும் கோளாறுக்கு இன்னொரு படியில் மருந்து போட்டால் எதுவும் நடக்காது. அதனால் கீழே எல்லாவற்றையும் அறிகுறிப்படியே பிரித்திருக்கிறேன். உங்களுடையது எதுவோ அங்கே நேராகப் போகலாம், ஆனால் அடுத்த பகுதியை மட்டும் தாண்டாதீர்கள்.

கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் உச்சரிப்புப்படி எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள்.

எதையும் தொடும் முன் பார்க்க வேண்டியவை

டெர்மினலைத் திறந்து எல்எஸ்பிசிஐ -என்என்கே என்று கொடுங்கள். வரும் நீண்ட பட்டியலில் நெட்வொர்க் கன்ட்ரோலர் என்ற வரியைத் தேடுங்கள். அந்த வரியின் முடிவில் சதுர அடைப்புக்குள் முக்காற்புள்ளியால் பிரிக்கப்பட்ட இரண்டு எண்கள் இருக்கும். முன்னது தயாரிப்பாளர், பின்னது சிப். கார்டின் மேல் ஒட்டிய ஸ்டிக்கரையோ பெட்டியில் அச்சிட்ட மாடல் பெயரையோ நம்ப வேண்டாம். ஒரே மாடல் பெயரில் வேறு வேறு சிப்பை வைத்து விற்ற கார்டுகள் ஏராளம். இந்த எண் மட்டும் மாறாது.

இன்டெல்லுக்கு 8086, பிராட்காமுக்கு 14இ4, ஏதராஸுக்கு 168சி, ரியல்டெக்குக்கு 10இசி, ராலிங்குக்கு 1814. யூஎஸ்பி டாங்கிள் என்றால் எல்எஸ்யூஎஸ்பி கட்டளை. அங்கே ரியல்டெக் 0பிடிஏ, ராலிங்க் 148எஃப்.

அந்த வரியின் கீழே இரண்டு வரிகள் வரலாம். கர்னல் டிரைவர் இன் யூஸ் என்பது இப்போது கார்டைப் பிடித்திருக்கும் டிரைவர். கர்னல் மாட்யூல்ஸ் என்பது இந்தக் கார்டுக்குப் பொருந்தக்கூடிய, வட்டில் இருக்கும் டிரைவர்கள் (மாட்யூல் என்பது தேவைப்படும்போது கர்னலில் ஏற்றி இறக்கும் துண்டு). இரண்டாவது இருந்து முதலாவது இல்லையென்றால், டிரைவர் இருக்கிறது, ஏதோ ஒன்று அதைத் தடுக்கிறது என்று பொருள்.

அப்புறம் சூடோ டிமெஸ்ஜி; கர்னல் எழுதி வைத்த செய்திகளை அது காட்டும் (சூடோ என்பது நிர்வாகி உரிமையோடு ஓடச் சொல்வது). அதன் வெளியீட்டில் ஃபர்ம்வேர் என்ற சொல்லையும், டிரைவரின் பெயரையும் தேடுங்கள். கடைசியாக ஆர்எஃப்கில் லிஸ்ட்; ரேடியோ தடுக்கப்பட்டிருக்கிறதா என்று அது சொல்லும். இந்த மூன்றின் வெளியீட்டையும் ஒரு கோப்பில் சேமித்து வையுங்கள். பின்னால் யாரிடமாவது உதவி கேட்டால் அவர்கள் முதலில் கேட்பதும் இதைத்தான்.

அறிகுறி: கார்டே பட்டியலில் இல்லை

டிரைவரால் இதைச் சரிசெய்ய முடியாது. பயாஸில் வயர்லெஸ் அணைக்கப்பட்டிருக்கிறதா பாருங்கள். மின்சாரத்தைத் துண்டித்து, பேட்டரியைக் கழற்றி, கார்டை எடுத்து மீண்டும் அழுத்திப் பொருத்துங்கள். பழைய மினி பிசிஐ கார்டுகளில் தொடுமுனைகள் மங்கிப்போவது சாதாரணம்.

யூஎஸ்பி டாங்கிளில் ஒரு விசேஷம் உண்டு. சில டாங்கிள்கள் செருகியதும் தங்களை ஒரு சிடி டிரைவாகக் காட்டிக்கொள்ளும், உள்ளே விண்டோஸ் டிரைவரை வைத்துக்கொண்டு. ரியல்டெக்கின் சில சிப்கள் இந்த நிலையில் 0பிடிஏ:1ஏ2பி என்ற எண்ணோடு தெரியும். யூஎஸ்பி_மோட்ஸ்விட்ச் பொதியை நிறுவினால் அது அந்த வேஷத்தைக் கலைத்து, வைஃபை சாதனமாக மாற்றிவிடும். மாறியபின் எண்ணும் மாறும். டிரைவர் தேட வேண்டியது அந்தப் புது எண்ணுக்கு.

அறிகுறி: கார்டு தெரிகிறது, டிரைவர் வரி காலியாக இருக்கிறது

கர்னல் மாட்யூல்ஸ் வரியில் ஒரு பெயர் இருந்தால் முதல் சந்தேகம் தடைப்பட்டியல், அதாவது ஏற்றக் கூடாத டிரைவர்களின் பட்டியல். /எட்சி/மோட்ப்ரோப்.டி/ கோப்புறையில் இருக்கும் எல்லாக் கோப்புகளிலும் பிளாக்லிஸ்ட் என்று தொடங்கும் வரிகளை கிரெப் மூலம் தேடுங்கள். முன்பு எப்போதோ நிறுவிய டிரைவர் பொதி விட்டுப்போன கோப்பு அங்கே இருக்கலாம். பொதியை நீக்கும்போது ரிமூவ் கொடுத்தால் டெபியன் வகையறாக்களில் அமைப்புக் கோப்புகள் அப்படியே தங்கிவிடும். பர்ஜ் கொடுத்தால்தான் போகும். பிராட்காம் கார்டுகளில் இதுதான் மிக அதிகமாக ஆளைக் குழப்பும் விஷயம். டபிள்யூஎல் என்ற மூடிய (மூலநிரல் தராத) டிரைவரை நிறுவிப் பார்த்து, சரிவராமல் நீக்கியிருப்பார்கள். அது வைத்த தடைப்பட்டியல் மட்டும் நீங்காமல் இருந்து, பி43 என்ற திறந்த டிரைவரையும், கார்டின் உட்பஸ்ஸைக் கையாளும் எஸ்எஸ்பி, பிசிஎம்ஏ மாட்யூல்களையும் தடுத்துக்கொண்டிருக்கும். சில பழைய லேப்டாப்புகளில் எஸ்எஸ்பி தடைப்பட்டதும் கம்பி இணைப்பும் சேர்ந்து போய்விடும்; ஏனென்றால் பி44 என்ற ஈதர்நெட் டிரைவரும் அதே எஸ்எஸ்பியின் மேல்தான் ஓடுகிறது. வைஃபையைச் சரிசெய்யப் போய் ஈதர்நெட்டும் போன கதைகளில் பலவற்றுக்குக் காரணம் இதுதான்.

தடைப்பட்டியலைத் திருத்தியபின் தொடக்க வட்டு பிம்பத்தையும் (பூட் ஆகும்போது முதலில் ஏறும் கோப்பு) புதுப்பிக்க வேண்டும். டெபியன், உபுண்டுவில் அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யூ. ஃபெடோராவில் டிராகட் -எஃப். ஆர்ச்சில் எம்கேஇனிட்சிபிஐஓ -பி, இதில் கடைசி எழுத்து மட்டும் பேரெழுத்து. இதைச் செய்யாவிட்டால் பழைய பட்டியலோடே கணினி மறுபடி எழலாம்.

கர்னல் மாட்யூல்ஸ் வரியே இல்லையென்றால் அந்தச் சிப்புக்கான டிரைவர் உங்கள் கர்னலில் கட்டப்படவில்லை. பொதுவான சிப்களுக்கு எது எது என்று சொல்லிவிடுகிறேன். இன்டெல் 2100க்கு ஐபிடபிள்யூ2100, 2200க்கும் 2915க்கும் ஐபிடபிள்யூ2200, 3945க்கு ஐடபிள்யூஎல்3945, 4965க்கு ஐடபிள்யூஎல்4965, 5000 வரிசையிலிருந்து மேலே ஐடபிள்யூஎல்வைஃபை. ஏதராஸில் ஏஆர்5 என்று தொடங்கும் பழைய 802.11ஏ/பி/ஜி சிப்களுக்கு ஏத்5கே, 802.11என் தலைமுறைக்கு ஏத்9கே, அதன் யூஎஸ்பி வடிவத்துக்கு ஏத்9கே_எச்டிசி. ராலிங்கில் ஆர்டி2500, ஆர்டி61, ஆர்டி73, ஆர்டி2800 என்று தொடங்கும் குடும்பம் முழுவதும் ஆர்டி2எக்ஸ்00 திட்டத்தைச் சேர்ந்தது.

கர்னலை நீங்களே கட்டுபவர் என்றால் இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். கர்னல் அமைப்பு மெனுவான மெனுகான்ஃபிகில் வயர்லெஸ் டிரைவர்கள் தயாரிப்பாளர் வாரியாகப் பிரிந்திருக்கும். டபிள்யூலேன்_வெண்டார் என்று தொடங்கும் அந்தத் தலைப்பை அணைத்து வைத்திருந்தால் அதற்குக் கீழுள்ள டிரைவர்கள் மெனுவில் கண்ணிலேயே படாது. இரண்டாவது, பி43க்கு எந்தப் பஸ் என்று ஒரு கேள்வி வரும்: பிசிஎம்ஏ மட்டும், எஸ்எஸ்பி மட்டும், இரண்டும். பழைய சிப்கள் எஸ்எஸ்பியில் இருப்பவை. பிசிஎம்ஏ மட்டும் தேர்ந்தெடுத்துக் கட்டினால் டிரைவர் பிழையில்லாமல் கட்டப்பட்டு, ஏறவும் செய்யும், ஆனால் உங்கள் கார்டைத் தொடாது. இரண்டையும் தேர்ந்தெடுத்துவிடுங்கள்.

சில டிரைவர்கள் கர்னலை விட்டே போய்விட்டன. ஒரினோகோ, ஹோஸ்ட்ஏபி, ஏரோ, ஏட்மெல் போன்ற 802.11பி காலத்து டிரைவர்கள் பராமரிக்க ஆளில்லாமல் 6 என்று தொடங்கும் கர்னல்களில் நீக்கப்பட்டன. முந்தைய வெளியீட்டில் ஓடிய பிசிஎம்சிஐஏ கார்டு (லேப்டாப் ஓரத்தில் செருகும் பழைய வகை) மேம்படுத்தியதும் காணாமல் போயிருந்தால் இதுவாக இருக்க வாய்ப்பு அதிகம்.

இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு: ஒரே கார்டுக்கு இரண்டு டிரைவர்கள் போட்டி போடுவது. ரியல்டெக் 8188சியூ, 8192சியூ டாங்கிள்களை ஆர்டிஎல்8192சியூவும் பிடிக்கும், ஆர்டிஎல்8எக்ஸ்எக்ஸ்எக்ஸ்யூவும் பிடிக்கும். ஒன்றைத் தடைப்பட்டியலில் போட்டு மற்றதைச் சோதியுங்கள், அப்புறம் மாற்றிச் சோதியுங்கள். எந்த டாங்கிளுக்கு எது ஒத்துவரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடிவதில்லை. ஆனால் இரண்டில் ஒன்று பெரும்பாலும் தெளிவாக மேலாக இருக்கும்.

அறிகுறி: டிரைவர் பிடித்திருக்கிறது, ஆனால் வைஃபை இடைமுகம் வரவில்லை

பழைய கார்டுகளில் அதிகம் பேர் மாட்டிக்கொள்ளும் இடம் இது. காரணம் அநேகமாக ஃபர்ம்வேர்தான். டிரைவர் என்பது கர்னல் பக்கத்தில் இருக்கும் நிரல். ஃபர்ம்வேர் கார்டுக்குள்ளே ஓடும் நிரல். கார்டில் நிரந்தரச் சேமிப்பு இல்லாததால் ஒவ்வொரு முறை பூட் ஆகும்போதும் டிரைவர் அதை /லிப்/ஃபர்ம்வேர் கோப்புறையிலிருந்து எடுத்து ஏற்ற வேண்டும்.

டிமெஸ்ஜியில் டைரக்ட் ஃபர்ம்வேர் லோட் ஃபார் என்று தொடங்கி, ஒரு கோப்பின் பெயரைச் சொல்லி, ஃபெயில்ட் வித் எர்ரர் -2 என்று முடியும் வரி இருக்கிறதா பாருங்கள். -2 என்றால் அந்தக் கோப்பு அங்கே இல்லை, அவ்வளவுதான். கார்டு கெட்டுப்போனதாக அர்த்தமில்லை. எந்தக் கோப்பு வேண்டும் என்று அந்த வரியே சொல்லிவிடுகிறது.

பெரும்பாலான கோப்புகள் லினக்ஸ்-ஃபர்ம்வேர் பொதியில் வந்துவிடும். டெபியனில் அவை தயாரிப்பாளர் வாரியாகப் பிரிந்திருக்கும்: ஃபர்ம்வேர்-ஐடபிள்யூஎல்வைஃபை, ஃபர்ம்வேர்-ஏதராஸ், ஃபர்ம்வேர்-ரியல்டெக் என்று. 2023இல் வந்த டெபியன் 12 முதல் இவை நிறுவல் வட்டிலேயே சேர்க்கப்படுகின்றன. அதற்கு முந்தைய வட்டில் நிறுவியவர்கள் நான்-ஃப்ரீ பகுதியைத் தாங்களே திறந்துவிட வேண்டியிருக்கும். ஏத்5கே, பிசிஐ வடிவ ஏத்9கே, ஆர்டிஎல்8187 ஆகியவற்றுக்கு வெளி ஃபர்ம்வேரே தேவையில்லை. இந்த டிரைவர்களில் ஃபர்ம்வேரைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

இன்டெல்லில் ஒரு எச்சரிக்கை: ஐடபிள்யூஎல்வைஃபை புதிய பதிப்பிலிருந்து கீழே இறங்கி ஒவ்வொன்றாகத் தேடும். அதனால் -2 வரிகள் வரிசையாக வரலாம். கடைசியில் லோடட் ஃபர்ம்வேர் வெர்ஷன் என்று ஒரு வரி இருந்துவிட்டால் முந்தையவற்றைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

ராலிங்கில் அறிகுறியே வேறு மாதிரி இருக்கும். அந்த டிரைவர்கள் இடைமுகத்தை மேலே தூக்கும்போதுதான் ஃபர்ம்வேரைக் கேட்கும். ஆகவே டபிள்யூலேன்0 பட்டியலில் இருக்கும். ஐபி லிங்க் செட் கட்டளையால் அதை இயக்கினால் நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி என்று வரும். ஒரு நெட்வொர்க் இடைமுகத்தை இயக்கும்போது கோப்பு இல்லை என்று ஏன் சொல்கிறது என்று குழம்ப வேண்டாம். ஆர்டி73க்கு ஆர்டி73.பின், ஆர்டி2800யூஎஸ்பிக்கு ஆர்டி2870.பின், அதைத்தான் தேடுகிறது.

சரி, பிராட்காமுக்கு வருவோம். ஒரு கார்டை நெருங்கிப் பார்க்கலாம். எல்எஸ்பிசிஐ காட்டும் எண் 14இ4:4315. அதன் கீழே கர்னல் டிரைவர் இன் யூஸ் என்ற இடத்தில் பி43-பிசிஐ-பிரிட்ஜ் என்று இருக்கிறது. இதைப் பார்த்ததும் பி43 ஓடுகிறது என்று நினைத்துவிடுவார்கள். அப்படியில்லை. அது எஸ்எஸ்பி மாட்யூல் கார்டின் உட்பஸ்ஸைத் திறந்து வைத்திருக்கும் பாலம் மட்டும்தான். பி43 அந்தப் பாலத்தைத் தாண்டி உள்ளே போய், ஃபர்ம்வேரை ஏற்றினால்தான் ரேடியோ உயிர்பெறும். டிமெஸ்ஜியில் தேடினால் பி43/யூகோட்15.எஃப்டபிள்யூ இல்லை என்ற வரி இருக்கும்.

இந்த எண்களில் இன்னொரு பொறி. 14இ4:4312 என்ற எண் பிசிஎம்4312 சிப் அல்ல. அது பிசிஎம்4311இன் ஏ/பி/ஜி வடிவம். உண்மையான பிசிஎம்4312 சிப்பின் எண்தான் மேலே பார்த்த 4315. சிப்பின் பெயரை வைத்துத் தேடியவர்கள் தவறான வழிமுறையில் போய் நிற்பதற்கு இது போதும். எப்போதும் எண்ணை வைத்தே தேடுங்கள்.

பி43க்கான ஃபர்ம்வேரை மறுவிநியோகம் செய்ய பிராட்காம் அனுமதி தராததால் அது லினக்ஸ்-ஃபர்ம்வேர் பொதியில் கிடையாது. பி43-எஃப்டபிள்யூகட்டர் என்ற கருவி, மூடிய டிரைவர் கோப்பு ஒன்றிலிருந்து ஃபர்ம்வேர் பகுதியை மட்டும் வெட்டி எடுத்துத் தரும். டெபியன், உபுண்டுவில் ஃபர்ம்வேர்-பி43-இன்ஸ்டாலர் பொதி இந்த வேலை முழுவதையும் தானே செய்யும். மிகப் பழைய 4301, 4303 வகைகளுக்கு ஃபர்ம்வேர்-பி43லெகசி-இன்ஸ்டாலர். இந்த நிறுவி இணையத்திலிருந்து இறக்க வேண்டியிருப்பதால் ஈதர்நெட் கம்பியோ, ஃபோனிலிருந்து யூஎஸ்பி டெதரிங்கோ வேண்டும். யூஎஸ்பி டெதரிங் எந்த டிரைவரும் நிறுவாமலே பொதுவாக ஓடிவிடுகிறது.

மூடிய டபிள்யூஎல் டிரைவரை எப்போது நாடலாம்? பி43உம் இன்னொரு திறந்த டிரைவரான பிஆர்சிஎம்எஸ்மேக்கும் தொடாத பிசிஎம்4360 போன்ற சிப்களுக்கு. அதன் கடைசி அதிகாரப்பூர்வ வெளியீடு 6.30.223.271, 2015இல் வந்தது. அதன்பின் வந்த ஒவ்வொரு கர்னலுக்கும் டெபியன், உபுண்டு போன்ற விநியோகங்கள்தான் ஒட்டுப்போட்டு ஓட வைக்கின்றன. பிசிஎம்4313 வைத்திருப்பவர்கள் கர்னலிலேயே உள்ள பிஆர்சிஎம்எஸ்மேக்கை முதலில் முயலுங்கள்; கர்னலோடு வரும் டிரைவர் கர்னலோடே சேர்ந்து திருத்தப்படும்.

கர்னலை நீங்களே கட்டி, டிரைவரை மாட்யூலாக இல்லாமல் கர்னலுக்குள்ளேயே சேர்த்திருந்தால், ஃபர்ம்வேர் கோப்பு சரியான இடத்தில் இருந்தும் -2 வரும். டிரைவர் எழும் நேரத்தில் மூலக் கோப்பு முறைமை இன்னும் ஏற்றப்பட்டிருக்காது. அது தேடும் கோப்புறையே அப்போது இல்லை. டிரைவரை மாட்யூலாக மாற்றிக் கட்டுவதே எளிய தீர்வு. கட்டாயம் உள்ளேயே வேண்டுமென்றால் கான்ஃபிக்_எக்ஸ்ட்ரா_ஃபர்ம்வேர் (இது முழுவதும் பேரெழுத்து) அமைப்பில் அந்தக் கோப்பின் பெயரைக் கொடுத்துக் கர்னலோடு கட்ட வேண்டும்.

அறிகுறி: ஆர்எஃப்-கில் காரணமாக இயலாது என்ற செய்தி

ஆர்எஃப்கில் லிஸ்ட் இரண்டு தடைகளைக் காட்டும். சாஃப்ட் பிளாக்ட் எஸ் என்றால் சூடோ ஆர்எஃப்கில் அன்பிளாக் வைஃபை கொடுத்தால் தீர்ந்தது.

ஹார்ட் பிளாக்ட் எஸ் என்பதை எந்தக் கட்டளையாலும் திறக்க முடியாது. லேப்டாப்பின் ஓரத்தில் சின்ன நகர்வு ஸ்விட்ச் இருக்கிறதா தேடுங்கள். பழைய மாடல்களில் முன்விளிம்பின் அடியில் மறைந்திருக்கும். ஸ்விட்சே இல்லை, ஆனாலும் ஹார்ட் பிளாக்ட் என்றால் பட்டியலை மீண்டும் உற்றுப் பாருங்கள். கார்டுக்கு ஒரு பதிவும், லேப்டாப் தயாரிப்பாளரின் மாட்யூலுக்கு இன்னொரு பதிவும் தனித்தனியாக இருக்கும். தடை இரண்டாவதில் மட்டும் இருந்தால் ஏசர்-டபிள்யூஎம்ஐ, ஐடியாபேட்_லேப்டாப் போன்ற அந்த மாட்யூல் இல்லாத ஸ்விட்சை இருப்பதாகப் படிக்கிறது. சூடோ மோட்ப்ரோப் -ஆர் மூலம் அதைத் தற்காலிகமாக இறக்கிப் பாருங்கள். வைஃபை வந்துவிட்டால் அதைத் தடைப்பட்டியலில் சேர்க்கலாம். ஏத்5கே கார்டுகளில் தடை கார்டின் பதிவிலேயே இருந்தால் நோ_எச்டபிள்யூ_ஆர்எஃப்கில்_ஸ்விட்ச்=1 என்ற தேர்வு உதவும் (எழுதும் முறை அடுத்த பகுதியில்).

அறிகுறி: நெட்வொர்க்குகள் தெரிகின்றன, கடவுச்சொல் சரிதான், ஆனாலும் இணைய மாட்டேன் என்கிறது

டிரைவரும் ஃபர்ம்வேரும் நன்றாக இருக்கின்றன. இனி அவற்றில் கை வைக்க வேண்டாம்.

முதலில் நெட்வொர்க்மேனேஜர், அதாவது இணைப்புகளை நிர்வகிக்கும் சேவை. ஸ்கேன் செய்யும்போது கார்டின் மேக் முகவரியை (அதன் அடையாள எண்ணை) மாற்றி மாற்றிக் காட்டும் வசதி அதில் உண்டு. தனியுரிமைக்கு நல்லதுதான், ஆனால் பழைய யூஎஸ்பி டாங்கிள்கள் பலவற்றுக்கு அது ஒத்துக்கொள்வதில்லை. /எட்சி/நெட்வொர்க்மேனேஜர்/கான்ஃப்.டி/ கோப்புறையில், கோப்பு நீட்டிப்பு கான்ஃப் என்று வரும்படி ஒரு புதுக் கோப்பு உருவாக்கி, சதுர அடைப்புக்குள் டிவைஸ் என்ற தலைப்பும், அதன் கீழ் வைஃபை.ஸ்கேன்-ரேண்ட்-மேக்-அட்ரஸ்=நோ என்ற வரியும் எழுதி, சேவையை மறுதொடக்கம் செய்யுங்கள். கோப்புறைப் பெயரில் என், எம் இரண்டும் பேரெழுத்து.

அடுத்து ரவுட்டரின் பாதுகாப்பு முறை. டபிள்யூபிஏ3 மட்டும் என்று வைத்திருந்தால் பழைய கார்டு பெரும்பாலும் உள்ளே நுழையாது. டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 கலப்பு முறையிலும் சில கார்டுகள் தடுமாறும், மேலாண்மைச் சட்டகப் பாதுகாப்பான பிஎம்எஃப் காரணமாக. நெட்வொர்க்மேனேஜரின் கட்டளைக் கருவியான என்எம்சிஎல்ஐ மூலம் அந்த இணைப்பின் 802-11-வயர்லெஸ்-செக்யூரிட்டி.பிஎம்எஃப் மதிப்பை 1 ஆக்கினால் அந்த இணைப்புக்கு மட்டும் பிஎம்எஃப் அணையும். இது பாதுகாப்பைச் சற்றுக் குறைக்கும் மாற்றம். பழைய கணினிக்கென ரவுட்டரில் தனி விருந்தினர் நெட்வொர்க் அமைத்து அதில் மட்டும் டபிள்யூபிஏ2 வைப்பது இதைவிட நல்லது.

இதற்கும் மசியவில்லையென்றால் குறியாக்கத்தைக் கார்டிடமிருந்து எடுத்து மையச் செயலியிடம் கொடுத்துப் பாருங்கள். ஏத்5கே, ஏத்9கே, பி43 ஆகியவற்றில் நோஎச்டபிள்யூகிரிப்ட்=1; இன்டெல்லில் எஸ்டபிள்யூகிரிப்டோ=1; ஆர்டிஎல்8192சிஇயில் எஸ்டபிள்யூஎன்க்=1. வேகம் கொஞ்சம் குறையலாம். இப்படிப்பட்ட தேர்வுகளை /எட்சி/மோட்ப்ரோப்.டி/ கோப்புறையில் ஆப்ஷன்ஸ் என்று தொடங்கி, மாட்யூல் பெயர், தேர்வு என்ற வரிசையில் எழுத வேண்டும். எழுதும் முன் மோட்இன்ஃபோ -பி கொடுத்து அந்தப் பெயரில் ஒரு தேர்வு உண்மையில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாத தேர்வை எழுதினாலும் மாட்யூல் ஏறிவிடும், டிமெஸ்ஜியில் ஒரு வரி முனகுவதோடு சரி. நீங்கள் மாற்றிவிட்டதாக நினைத்துக்கொண்டிருப்பீர்கள்.

மற்ற நெட்வொர்க்குகள் எல்லாம் தெரிந்து உங்களுடையது மட்டும் தெரியாவிட்டால் அலைவரிசையைப் பாருங்கள். 802.11பி/ஜி கார்டுக்கு 5 கிகாஹெர்ட்ஸ் என்ற உலகமே கிடையாது. 2.4 கிகாஹெர்ட்ஸிலும் ரவுட்டர் 12 அல்லது 13ஆம் சானலில் இருந்தால் சிக்கல் வரலாம். ஐடபிள்யூ ரெக் கெட் கொடுத்தால் கண்ட்ரி 00 என்று வருகிறதா? நாடு தெரியாததால் கர்னல் அந்தச் சானல்களில் தானாக ஒலிபரப்பாமல் கேட்க மட்டும் செய்கிறது. ரவுட்டரை 1, 6, 11 ஆகியவற்றில் ஒன்றுக்கு மாற்றுவதுதான் எல்லோருக்கும் பொருந்தும் வழி.

அறிகுறி: இணைகிறது, அடிக்கடி அறுந்துபோகிறது அல்லது ஊர்கிறது

முதல் சந்தேகம் மின்சேமிப்பு. சூடோ ஐடபிள்யூ டெவ் டபிள்யூலேன்0 செட் பவர்_சேவ் ஆஃப் கொடுத்துவிட்டுச் சற்று நேரம் பயன்படுத்திப் பாருங்கள். (உங்கள் இடைமுகத்தின் பெயர் டபிள்யூஎல்பி3எஸ்0 போல இருக்கலாம், அதைப் போட்டுக்கொள்ளுங்கள்.) அறுந்துபோவது நின்றுவிட்டால் நெட்வொர்க்மேனேஜரில் கனெக்‌ஷன் என்ற தலைப்பின் கீழ் வைஃபை.பவர்சேவ்=2 என்று எழுதி நிரந்தரமாக்கலாம். ஆர்டிஎல்8192சிஇ போன்ற கார்டுகளில் டிரைவரே தனியாக மின்சேமிப்பு செய்யும்; அதற்கு ஐபிஎஸ்=0 எஃப்டபிள்யூஎல்பிஎஸ்=0.

இன்டெல்லில் வேகம் ஏறி இறங்கி ஆடினால் 11என்_டிசேபிள்=1 தேர்வைச் சோதியுங்கள். 802.11என் அணைந்து, உச்ச வேகம் 54 மெகாபிட் ஆகிவிடும். ஆனால் ஆடிக்கொண்டிருக்கும் 150ஐவிட நிலையான 54 பல நேரம் மேல். ஐடபிள்யூஎல்வைஃபையில் அதே தேர்வுக்கு 8 என்று கொடுத்தால் வேறு பொருள்: அனுப்பும் பொட்டலங்களைச் சேர்த்து அனுப்புவது இயங்கும். பதிவேற்றும் வேகம் மட்டும் குறைவாக இருந்தால் 1க்கு முன் 8ஐ முயலுங்கள்.

பி43இல் ஃபேட்டல் டிஎம்ஏ எர்ரர் என்று டிமெஸ்ஜியில் வந்தால் பிஐஓ=1 தேர்வு. செயலிக்கு வேலை கூடும், ஆனால் இணைப்பு அறாமல் நிலைக்கும்.

அறிகுறி: ரவுட்டர் பக்கத்தில் இருந்தால் மட்டும் சிக்னல்

திறந்து பாருங்கள். கார்டில் இரண்டு ஆண்டெனா முனைகள் இருந்து ஒரு கம்பி மட்டும் மாட்டியிருக்கும், அல்லது இரண்டுமே கழன்றிருக்கும். ஆர்டிஎல்8723பிஇ கார்டுகளில் இது டிரைவர் விஷயமாகவும் ஆகிறது: லேப்டாப்பில் ஒரே ஆண்டெனாதான், டிரைவர் கேட்பதோ கம்பி இல்லாத முனையில். ஆண்ட்_செல்=1 அல்லது ஆண்ட்_செல்=2, இரண்டில் ஒன்று சிக்னலை முழுதாக உயர்த்திவிடும். மாற்றியதும் மாட்யூலை இறக்கி ஏற்ற மறக்காதீர்கள்.

அறிகுறி: நேற்றுவரை ஓடியது, கர்னல் புதுப்பித்தபின் இல்லை

கர்னலுக்கு வெளியே கட்டிய டிரைவர் என்றால் (டபிள்யூஎல் அதில் முதலாவது) டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ் கொடுங்கள் (ஒவ்வொரு கர்னலுக்கும் அத்தகைய டிரைவரைத் திரும்பக் கட்டும் கருவி டிகேஎம்எஸ்). புதிய கர்னல் எண்ணுக்கு எதிரே இன்ஸ்டால்ட் இல்லையென்றால் அநேகமாக அந்தக் கர்னலின் ஹெடர் பொதி (டிரைவர் கட்டத் தேவையான கோப்புகள்) விடுபட்டிருக்கும். அதை நிறுவி, டிகேஎம்எஸ் ஆட்டோஇன்ஸ்டால். வேலை நடக்கும்வரை பூட் மெனுவிலிருந்து பழைய கர்னலில் ஏறிக்கொள்ளலாம். அதனால்தான் பழைய கர்னல் ஒன்றையாவது நீக்காமல் வைத்திருக்கச் சொல்கிறேன்.

மாட்யூல் கட்டப்பட்டும் ஏறாமல், கீ வாஸ் ரிஜெக்டட் பை சர்வீஸ் என்றோ ரிக்வயர்ட் கீ நாட் அவைலபிள் என்றோ வந்தால் அது செக்யூர் பூட். கையெழுத்து இல்லாத மாட்யூலைக் கர்னல் ஏற்காது. மோக்யூட்டில் --இம்போர்ட் கட்டளை மூலம் உங்கள் சாவியைப் பதிந்து, மறுதொடக்கத்தில் வரும் நீலத் திரையில் உறுதிசெய்ய வேண்டும்.

எல்லாம் பார்த்தும் ஆகவில்லை என்றால்

டிரைவரே நீக்கப்பட்ட கார்டுக்கும், டபிள்யூஇபி என்ற பழைய பாதுகாப்பு முறைக்கு மேல் எதுவும் தெரியாத கார்டுக்கும் மணிக்கணக்கில் செலவிட வேண்டாம். அந்தக் கார்டுக்காகப் பழைய, பாதுகாப்புத் திருத்தம் நின்றுபோன விநியோகத்தில் தங்குவதும் சரியல்ல. கார்டை மாற்றுங்கள், கணினியை அல்ல. ஏத்9கேயில் ஓடும் ஏதராஸ் மினி பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டுகளுக்கு ஃபர்ம்வேரும் வேண்டாம், வெளி டிரைவரும் வேண்டாம். வாங்கும் முன் லேப்டாப்பின் பயாஸ் பட்டியலில் இல்லாத கார்டை மறுக்குமா என்று பாருங்கள். சில மாடல்களில் வேறு கார்டைச் செருகினால் பூட் ஆகாமலே நின்றுவிடும். அப்படிப்பட்ட மாடல் என்றால் ஏஆர்9271 சிப் கொண்ட யூஎஸ்பி டாங்கிள் போதும். அதன் டிரைவர் கர்னலிலேயே இருக்கிறது, ஃபர்ம்வேரின் மூலநிரலும் திறந்தே கிடைக்கிறது. செருகியபின் எல்எஸ்யூஎஸ்பியில் ஒருமுறை எண்ணைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பெட்டியில் ஏஆர்9271 என்று போட்டு உள்ளே வேறு சிப் வைப்பதும் நடக்கிறது.